புதிதாக வந்த கெளுத்தி

கூடத்தில் நீல பேசினுக்குள் கெளுத்தி மீன் ஒருக்களித்துக் கிடக்கிறது. லோபாக் வட்டாரத்து மீன் கடையில் புதிதாக வாங்கியதென்று என் கூட்டாளி மகாலிங்கம் கொடுத்த பரிசு. வரும் வழியில் பைக்குள்ளேயே துடுப்பு கிழிந்துவிட்டதாம். தோட்டத்துக் கூலிகளை மேய்த்த பழைய மண்டோர் மீசை அதற்கு. பார்த்த மாத்திரத்தில் எங்கள் நாய் எழுந்து நின்று மரியாதை செய்கிறது. புண் ஆறட்டுமென்று கெத்தாப்பாங் என்ற நாட்டு வாதுமை மர இலை ஊறிய தண்ணீரை நான் மெல்ல ஊற்றுகிறேன். சன்னல் வெயிலில் தண்ணீர் தேநீர் நிறத்தில் அசைகிறது. வெள்ளரித் துண்டை நீட்டினால் வாய் திறக்க மறுக்கிறது. வந்ததிலிருந்து பட்டினி. இன்றும் தின்னாவிட்டால் பிழைக்காது.

"நான் காய்ச்சல்ல கெடந்தப்ப எட்டிப் பாக்கல. மீனுக்கு மட்டும் பணிவிடை," என்கிறாள் என் மனைவி பஞ்சாலை.

"ஒனக்கு மீசை இல்லையே லா."

அப்போது மகாலிங்கம் உள்ளே வருகிறான். "எப்படிடா இருக்கு புது மீனு?" என்று குனிந்தவன், பழக்கத்தில் பேசின் விளிம்பை மோதிரத்தால் டொக் டொக்கென்று தட்டுகிறான். கெளுத்தி புரண்டு எழுகிறது. தள்ளாடி அவன் விரலடிக்கு வந்து வாயைத் திறந்து காத்திருக்கிறது. மோதிரம் அந்தரத்தில் நிற்கிறது.

"இவரு வீட்டுல வளந்த மீனுல்ல இது?" என்கிறாள் பஞ்சாலை.

"தொட்டியில இன்னொரு மீனு கடிச்சுப் போட்டுச்சு முருகையா. என் வீட்டுல சாவறத பாக்க முடியலடா..." என்கிறான் மகாலிங்கம் என்னிடம்.

அதனால் என் வீட்டில் சாகட்டுமென்று கொண்டுவந்திருக்கிறான். நான் வெள்ளரித் துண்டை அவனிடம் கொடுக்கிறேன். அவன் ஊட்ட, மீன் தின்கிறது. அவனும் மீனும் இரண்டு பேருமே என் பக்கம் திரும்பவே இல்லை.