கோல் மன்னனுக்கு வயது முப்பத்தொன்று

“இது ஒன் வேலதானடா, மாப்ள?” அழகுபாண்டி சிவபாண்டியின் சட்டைக் காலரைப் பிடித்தேவிட்டார். கோயம்புத்தூர்க்காரரின் கார் கிளப்பிய புழுதி இன்னும் அடங்கியிருக்கவில்லை.

இருவர் தலைக்கும் மேலே, நாகமலை புதுக்கோட்டை மைதானத்தின் வாசலை அடைத்துக்கொண்டு, ராத்திரியோடு ராத்திரியாக முளைத்த பிளக்ஸ் நின்றது. ‘31ஆவது பிறந்தநாள் காணும் எங்கள் கோல் மன்னன் சூரியபிரகாஷே, வாழ்க!’ கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு சூரியபிரகாஷ் அதில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். நிஜத்தில் அவனுக்கு இருபத்திரண்டு.

கால்பந்து கிளப் செயலாளரான அழகுபாண்டி இந்த நாளுக்காக ஒரு வருஷமாக நாயாய் அலைந்திருந்தார். சூரியபிரகாஷைக் கோயம்புத்தூர் கிளப்புக்குக் கொடுத்து வாங்கும் பணத்தில்தான் மைதானக் குத்தகையைப் புதுப்பிக்க முடியும். இல்லையென்றால் அடுத்த மாதம் இங்கே வாழை நடப்போவதாக நிலத்துக்காரர் சொல்லிவிட்டார்.

“அவன வித்துட்டா கோல் யாரு போடுவா?” என்று கூட்டத்துக்குக் கூட்டம் முட்டுக்கட்டை போட்டவர் பொருளாளர் சிவபாண்டிதான். “வச்சுக்கிட்டா கோல் போஸ்ட்டே இருக்காதுய்யா!” என்று தொண்டை கிழியக் கத்தித்தான் அழகுபாண்டி கமிட்டியைச் சம்மதிக்க வைத்தார். ஆனாலும், “எப்புடிப் போறான்னு பாக்குறேன்” என்று சிவபாண்டி டீக்கடையில் முறுக்கியதை ஊரே கேட்டிருந்தது.

இன்று வந்த கோயம்புத்தூர் மேனேஜர் விஸ்வநாத் பிளக்ஸைப் படித்ததோடு சரி. காரை விட்டு இறங்கவே இல்லை. “நாங்க இருபத்திமூணுக்கு மேல எடுக்கறதில்லீங்க.”

“சார், ஆதார் கார்டு கையிலயே இருக்கு சார்!”

“கார்டுல வயசக் கொறைப்பாங்க. பொறந்தநாள் பிளக்ஸ்ல எவனுங்க வயசக் கூட்டிப் போடுவான்?” கார்க் கண்ணாடி ஏறியது. வண்டி வந்த வழியே திரும்பிவிட்டது.

காலரை விடுவித்துக்கொண்ட சிவபாண்டிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “நல்லாப் பாருய்யா. நான் வச்சிருந்தா எம் மூஞ்சி இல்லாமயா வச்சிருப்பேன்?”

அழகுபாண்டி நிமிர்ந்து பார்த்தார். நியாயம்தான். மதுரையில் காதுகுத்து பிளக்ஸில்கூடக் குழந்தையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வாழ்த்துகிறவர்கள் அம்புட்டு பேர் இருப்பார்கள். இதில் சூரியபிரகாஷைத் தவிர ஒரு ஈ, காக்கா இல்லை.

சிவபாண்டியும் இல்லையென்றால் வேறு யார் மேல்தான் கோபப்படுவது? அழகுபாண்டிக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. மைதானத்துக்குச் சுவரும் கிடையாது.

அப்போது சூரியபிரகாஷ் கொட்டாவி விட்டபடி பைக்கில் வந்து இறங்கினான். மற்றவர்கள் ஓடிக் களைத்து இட்லி தின்னப் போன பிறகு வருவதுதான் அவன் வழக்கம். ஸ்டாரை யார் கேட்பது?

பிளக்ஸைப் பார்த்து, இழவு வீட்டுக்கு வந்தவன்போல உச்சுக் கொட்டினான். “எவன்ணே இந்த வேல பாத்தது?”

அழகுபாண்டி அவன் தோளைத் தட்டினார். “ஒன் வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டாய்ங்கடா. நீ கவலப்படாத. ஒன் வயசச் சொல்ல ஒன் ஹெட்மாஸ்டரையே கூட்டிக்கிட்டு இப்பவே கோயம்புத்தூர் போறேன். ஒன்னைய அங்க சேத்துவிடாம ஊர் திரும்ப மாட்டேன்.”

சூரியபிரகாஷ் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

“வேணாம்ணே! அங்க தெனமும் பிராக்டிஸாம்ணே!”