அடுப்பு ஏற்காத கடிதங்கள்

எழுத்துள்ள காகிதத்தைக் குப்பையில் எறியாமல் மரியாதையாக எரிப்பதே பண்பாடு என்று, பினாங்குக் கடற்கரையில் அதற்கென்றே கட்டிய சீன மண்டபத்தைத் திறந்துவைத்த அமைச்சர் நெடுநேரம் முழங்கினார். மனிதர் எழுதியதை மட்டுமே எரிக்கும் மண்டபத்து அடுப்பு, முதல் காகிதமாகப் போட்ட அவருடைய உரையையே வெளியே தள்ளியது. பாவம், மிஷின் எழுதிக் கொடுத்த உரை.

அந்தச் செய்தியைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தவள்தான் வடிவாம்பாள். இன்று கணவரின் தலைத்திவசம். கப்பலில் வேலை பார்த்த காலமெல்லாம் அவர் மின்னஞ்சலில் அனுப்பிய கடிதங்களை அச்செடுத்துக்கொண்டு அதே மண்டபத்துக்கு வந்திருந்தாள். அடுப்பில் ஒவ்வொன்றாகப் போட்டாள், ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது.

“ஈரமா இருக்குமோ, அண்ணே?”

காவலாளி தேவசகாயம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “ஈரம்லாம் இல்லம்மா. கப்பல்ல வேலை ஜாஸ்தி. எல்லாரும் மிஷினையே எழுதச் சொல்லிடுவாங்க.”

கணவரின் பெட்டியோடு திரும்பி வந்த தன் கடிதங்களைப் பையின் அடியிலிருந்து எடுத்தாள். ‘சாப்பிட்டீங்களா’ என்று தொடங்கிக் கையால் எழுதியவை. ஒன்றைப் போட்டதும் குப்பென்று பற்றிக்கொண்டது. மற்றவையும் அப்படியே எரிந்தன.

“பாத்தீங்களா, உங்க எழுத்துக்கு என்னா மரியாதை,” என்றார் தேவசகாயம், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு. “அந்தக் காகிதக் கட்டைக் குப்பைத் தொட்டியில போட்டுட்டுப் போங்க.”

அவள் கணவரின் கடிதங்களைக் கசங்கல் நீவி மறுபடி பைக்குள் வைத்தாள்.

“வேணாண்ணே. இத்தனை வருஷமா எனக்குப் பதில் போட்டது இதுதானே.”