முளைத்து வந்த பெயர்

வெள்ளம் வடிந்த ஊரில், பெண்கள் சங்கத்தின் விதைப்பானை வெறுமையாக உட்கார்ந்திருந்தது. அதிலிருந்த கேழ்வரகு மொத்தமும் ஊறி அழுகிப்போயிருந்தது. விதைக்க இன்னும் பத்தே நாள்தான்.

அன்று கடல் தாண்டி ஒரு துணி மூட்டை வந்து அதன் பக்கத்தில் இறங்கியது. அக்கரை நாட்டு உழவுப் பெண்கள் அனுப்பியது.

"நீ என்ன விதை?" என்றது பானை, கொஞ்சம் முறைப்பாகத்தான்.

"கேழ்வரகு. பேரு பவுனுத்தாயி."

பானைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது மனுஷி பேருல்ல? யாரு வச்சது?"

"எட்டு வருஷம் முன்னாடி எங்க பக்கம் மழையே இல்லை. அப்போ இந்த ஊர்லேர்ந்து ஒரு பொட்டலம் வந்துச்சு. மேல எழுதியிருந்த பேரை யாரோ படிச்சுச் சொன்னாங்க. இப்போ அங்கே நாற்பது ஊர்ல என்னைத்தான் விதைக்கிறாங்க. 'பவுனுத்தாயி முளைச்சுட்டா'ன்னு வரப்புல நின்னு கூவுவாங்க."

பானையின் சிரிப்பு நின்றது. அன்று அனுப்பிய அந்தப் பொட்டலத்தில் விதையின் பெயரை எழுதச் சொன்னால், தன் பெயரை எழுதிவிட்டாள் ஒருத்தி. அன்றைக்குச் சங்கமே அவளைக் கேலி செய்தது.

கதவு திறந்தது. சேற்றுக் காலோடு ஒருத்தி வந்து மூட்டையை அவிழ்த்தாள். ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்தாள்.

"யாரு இவங்க?" என்று மூட்டை கிசுகிசுத்தது.



"நீதான்" என்றது பானை.