யானை வேட்டை விளையாட்டு வாங்கலாமா?

ஒரு யானையின் உயிர் நானூற்றைம்பது ரூபாய், வரி தனி. இந்த வேட்டை விளையாட்டுக்காக நம் கண்ணில் ஒரு லென்ஸைப் பதிக்கிறார்கள்; நாம் சுட்ட மிருகத்தை அது அப்புறம் ஆயுசுக்கும் படத்திலோ பொம்மையிலோகூட நமக்குக் காட்டாது. நிஜ வேட்டை என்று விளம்பரம். ஒரு யானையைச் சுட்டுவிட்டேன்.

மறுநாள் சதுர்த்தி. “வலம்புரிப் பிள்ளையாரா பாத்து வாங்கிட்டு வாங்க” என்றாள் மனைவி செண்பகம். கடையில் வரிசையாகத் தொந்திகள். கழுத்துக்கு மேல் வெறும் காற்று.

“தலையே இல்லையேப்பா!”

“அண்ணாச்சி, விலையைக் குறைக்க இப்படியுமா பேசுவீங்க?”

தும்பிக்கை எந்தப் பக்கம் என்று தடவினேன். ஈரக் களிமண், கையோடு வந்துவிட்டது. கடைக்காரர் காசை வாங்காமல் விடவில்லை.

விளையாட்டு வாங்கலாமா? வேண்டாம். வரவு: ஒரு யானை. செலவு: நானூற்றைம்பது, வரி, உடைந்த பிள்ளையார் இருநூறு. பாக்கி: செண்பகத்துக்கு ஒரு பதில், ஆயுசுக்கும் நான் கும்பிட ஒரு முகம்.