யார் அந்தப் பொண்ணு?

இதைச் சரியாகச் சொல்லத் தெரியுமா என்று பயமாக இருக்கிறது. நான் ஏழாவதோடு நின்றவள். முன்னதைப் பின்னாலும் பின்னதை முன்னாலும் சொல்லிவிடுவேன். அதனால் நடந்தபடியே சொல்கிறேன்.

ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவுகிறேன். என் மகள் ஜாஸ்மின் அதே கம்பெனியில், பாகங்கள் பூட்டும் லைனில் வேலை. போன வாரம் மதியம் என் வாட்ஸ்அப்புக்கு ஒரு படம் வந்தது.

லைன் பெண்களை ஏற்றிப் போகும் கம்பெனி வேன். அதன் வாசலில் டிரைவர் கோமதிநாயகம் ஒரு பெண்ணைக் கட்டிப் பிடித்தபடி நிற்கிறான். அவள் முகம் அவன் தோளில் புதைந்து கிடக்கிறது. முதுகும், சாம்பல் கலர் கம்பெனி கோட்டும்தான் தெரிகின்றன. அந்தக் கோட்டைப் போட்டுவிட்டால் எங்கள் கம்பெனியில் நானூறு பெண்களும் ஒரே பெண்தான்.

கீழே இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'நம் பெண்களை ஏற்றிப் போகும் டிரைவர் செய்யும் அசிங்கத்தைப் பாருங்கள். இவனை வேலையை விட்டுத் துரத்தும்வரை ஷேர் செய்யுங்கள்.'

உடம்பெல்லாம் எரிந்தது. என் பெண்ணும் அந்த வேனில்தானே போய் வருகிறாள்!

"யாரு எடுத்தது, என்ன நடந்துச்சுன்னு விசாரிக்காம அனுப்பாதீய அத்தை," என்றாள் கூடத் தட்டு கழுவும் மாரிசெல்வி.

"உங்க ஊர்க்காரனாச்சே, வக்காலத்து வாங்காம இருப்பியா?"

"அதுக்கில்ல அத்தை. பொய்யா இருந்தா அந்த மனுசன் பொழப்பு என்ன ஆவும்?"

"நாசமாப் போவட்டும்!"

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் போனில் இருந்த ஐந்து குரூப்புக்கும் அனுப்பினேன். சர்ச் பெண்கள் குரூப்பையும் விடவில்லை.

சாயங்காலம் கம்பெனி கேட்டில் பத்துப் பதினைந்து பெண்கள் சேர்ந்து அவனை வளைத்துக்கொண்டோம். முன்னால் நின்றது நான்தான்.

"இன்னாடா, பொண்ணுங்களை ஏத்திக்கினு போகச் சொன்னா இன்னா வேலை பண்ணிக்கினு கீற?"

"நான் தப்பு ஒண்ணும் பண்ணலக்கா."

"அப்ப யார் அந்தப் பொண்ணு? பேரைச் சொல்லு."

அவன் என் முகத்தையே பார்த்தான். "அத மட்டும் கேக்காதீய."

"ஒரே ஒரு பேரா இருந்தாத்தானே சொல்லுவான், பாவம்!" என்று பின்னால் எவளோ சிரித்தாள்.

நான் செருப்பைக் கழற்றி அடித்தேன். அவன் தடுக்கக்கூட இல்லை.

மறுநாளே அவனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வீட்டுக்கு வந்ததும் ஜாஸ்மினிடம் படத்தைக் காட்டினேன்.

"பாத்தியா? இவனைத் துரத்தியாச்சு. இனிமே நீ தைரியமாப் போய் வரலாம்."

அவள் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்தாள்.

"அது நான்மா."

"இன்னாடி உளர்ற?"

"நான்தானே கடைசி ஸ்டாப்பு. வேன்ல வேற யாரும் இல்ல. இறங்கும்போது மறுபடி வலிப்பு வந்துடுச்சு. மண்டை படியில மோதாம அவர்தான் தாங்கிப் புடிச்சார். எவன் படம் எடுத்தானோ தெரியல."

"வந்து சொல்லித் தொலைக்கிறதுக்கு இன்னா?"

"வலிப்புன்னு தெரிஞ்சா லைன்ல நிக்க வுட மாட்டாங்க, கல்யாணமும் நின்னுடும், வெளிய மூச்சு வுடாதன்னு நீதானே சத்தியம் வாங்குன? அதே சத்தியத்தை நான் அவர்கிட்ட வாங்கினேன்."

"நான் உன் அம்மான்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

இரண்டு நாள் கழித்து ஆபீசில் விசாரணை என்று என்னைக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் வண்டிகளைப் பார்க்கும் அதிகாரி எல்லப்பன். ஓரத்தில் கோமதிநாயகம் நின்றுகொண்டிருந்தார். கன்னத்தில் வீக்கம் இன்னும் இறங்கவில்லை.

"எல்லாருக்கும் படத்தை அனுப்பினது நீங்களாமே. நேர்ல பார்த்தீங்களா?"

"இல்ல சார். வந்துச்சு, அனுப்பினேன்."

"வந்தா அனுப்பிடுவீங்களா? கண்ணால பார்க்காததுக்குக் கையில செருப்பு வேற!" அவர் மேசையைத் தட்டினார். "இவரும் வாயைத் திறக்க மாட்டேங்கிறார். அந்தப் பொண்ணு வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும், இவரை இன்னைக்கே வேலையில சேர்த்துடுவேன். யார் அந்தப் பொண்ணு? உங்களுக்காவது தெரியுமா?"

கோமதிநாயகம் தரையைப் பார்த்தபடி நின்றார். இப்போதும் அவர் சொல்லப் போவதில்லை.

வருகிற ஞாயிறு சர்ச்சில் எல்லார் முன்னாலும் ஜாஸ்மினின் கல்யாணத்தை அறிவித்து ஓலை வாசிக்கிறார்கள்.

என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல ஆத்திரம் வந்தது. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"யார் பெத்த பொண்ணோ, எனக்கு இன்னா சார் தெரியும்?" என்றேன்.