ஒரு மூடிப் பால்

விமான நிலையச் சோதனை மேசையில் ரின்சியின் பால் பாட்டில்கள் பன்னிரண்டும் வரிசையாக நின்றன. அவளுக்கு ஏழு வயதாகிறது, இதுவரை வாய்வழியாக ஒரு சொட்டும் உள்ளே போனதில்லை. வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகத்தான் சாப்பாடு. டாக்டர் கொடுத்த கடிதத்தில் அதிகாரி முத்திரையை மட்டும் தடவிப் பார்த்தார். எழுத்தைப் படித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் போலும் என்று ரின்சியின் அம்மா ஜெசிந்தா நினைத்துக்கொண்டாள்.

"பாப்பாவக் குடிச்சுக் காட்டச் சொல்லுங்க. ரூல்ஸ்."

"அவளால முழுங்க முடியாது சார். அதத்தான் லெட்டர்ல எழுதியிருக்கு."

"அப்ப நீங்க குடிங்க."

ஜெசிந்தா ஒரு பாட்டிலைத் திறந்து குடித்தாள். சமையல் போட்டிக்கு வந்த நடுவரைப்போல அவர் அவளது தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கியதும் திருப்தியாகத் தலையாட்டினார்.

ரின்சி அம்மாவின் துப்பட்டாவை இழுத்தாள்.

"எப்படிம்மா இருக்கு?"

இத்தனை வருடத்தில் அவள் அதைக் கேட்டதே இல்லை. பின்னால் நின்றவர்கள் சட்டென்று செல்போனுக்குள் குனிந்துகொண்டார்கள். ஜெசிந்தா பாட்டில் மூடி நிறையப் பாலை ஊற்றி, அதிகாரியின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"நீங்களே குடிச்சிட்டுச் சொல்லுங்க சார். பாப்பாவுக்குத் தெரியணுமாம்."