அஸ்தமித்த சூரியன்

கடற்கரை மணலை அள்ளவந்த லாரியை மறித்து உட்கார்ந்த டெல்பின் டீச்சர் எழுந்திருக்கவே இல்லை. பொழுது சாய்ந்தபின் பெண்ணைக் கைது செய்யக் கூடாது என்பது சட்டம். இன்ஸ்பெக்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"இன்னும் சூரியன் நிக்குது. ஜீப்புல ஏறுங்க டீச்சர்."

சிவப்பு வட்டத்தின் அடி அப்போதுதான் கடலைத் தொட்டிருந்தது.

"அது அப்பவே கீழ போயாச்சு சார். காத்து வெளிச்சத்த வளச்சு, மேல தூக்கிக் காட்டுது."

"கண்ணு முன்னால நிக்குதே!"

"தண்ணிக்குள்ள விட்ட கரண்டி ஒடிஞ்ச மாதிரிதான் தெரியும். உடனே தூக்கி எறிஞ்சிருவீங்களா?"

பெண் போலீஸ் ஒருத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் மேலதிகாரிக்குப் போன் போட்டு, கரண்டியிலிருந்து ஆரம்பித்து, திட்டு வாங்கித் திரும்பினார். கடல்மேல் ஒன்றுமே இல்லை.

டீச்சர் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"இப்பப் பிடிங்க, பாப்போம்."